சுகர் குறைந்தால் இதயம் தப்புமா? நூறு ஆண்டு வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஓய்வூதியர் வட்டாரத்தில் தினமும் அடிபடும் விஷயங்கள் இரண்டு. ஒன்று அகவிலைப்படி, இன்னொன்று சுகர். "சாப்பாட்டுக்கு முன்னால 110, பின்னால 150. எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை சார்" என்பார் ஒருவர். அந்த எண் அடங்கிவிட்டால் நோயே அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகின் பெரிய மருத்துவர்களே பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு எப்படி உடைந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் இன்றைய பாடம். நான் மருத்துவன் இல்லை, வரலாறு சொல்லிக் கொடுத்தவன். ஆகவே வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

1. உயிர் பிழைத்த சிறுவன்

1922 ஜனவரி 11. கனடாவின் டொரண்டோ நகர மருத்துவமனை. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்தக் காலத்தில் சர்க்கரை நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி போடுவது. நோயில் சாவதா, பசியில் சாவதா என்பதுதான் பிள்ளைகளின் நிலை. பான்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அன்று அவனுக்கு ஊசியாகப் போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லாததால் பெரிய பலன் இல்லை. காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, ஜனவரி 23இல் மறுபடி போட்டார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அந்த மருந்துதான் இன்சுலின். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நோயை வென்றாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த ஒவ்வொரு நோயாளியையும் பேரேட்டில் எழுதி வைத்தார். யார், எப்போது, எதனால் இறந்தார் என்பது வரை எழுதினார். இன்சுலின் வந்தபின் மயக்கத்தில் விழுந்து இறப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அந்த இடத்தை இதயமும் ரத்தக் குழாயும் பிடித்துக்கொண்டன. முன்பு ஓரிரு வருடத்தில் இறந்தவர்கள் இப்போது இருபது வருடம் வாழ்ந்தார்கள். அந்த இருபது வருடத்தில் சர்க்கரை உள்ளே செய்த வேலை வெளியே தெரிந்தது. ஒரு நோயைத் தள்ளிப் போட்டதால் அதன் இரண்டாவது முகத்தைப் பார்க்க நேர்ந்தது.

2. ஒரு ஊரே கணக்கானது

1948இல் அமெரிக்க அரசு இதய நோயைப் பற்றி ஆராய, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. 5,209 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பரிசோதனை. மருந்து கிடையாது, கவனிப்பு மட்டும்தான். ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று இன்று நாம் சொல்லும் ஆபத்துக் காரணங்களில் பலவற்றை உறுதி செய்தது அந்த ஊர்.

நம் ஊருக்கும் 1948 முக்கியமான ஆண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியது அப்போதுதான். பணக்காரர்களின் நோய் என்று இதை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது.

ஃபிராமிங்ஹாமின் 20 ஆண்டுக் கணக்கு 1979இல் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பெண்களுக்கு இயற்கையாக உள்ள பாதுகாப்பைக்கூட சர்க்கரை பறித்துவிடுகிறது. இதற்கு முன்பே, 1974இல், இன்னொரு கணக்கையும் அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். இதயம் பலவீனமாகி, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் போகும் நிலை இருக்கிறதே, 'ஹார்ட் ஃபெயிலியர்' என்கிறோமே, அது சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இரண்டு மடங்கும் பெண்களுக்கு ஐந்து மடங்கும் அதிகம் என்றது அது. இந்த இரண்டாவது கணக்கை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள். கதையின் பிற்பகுதியில் இதுதான் கதாநாயகன்.

3. 26க்கு 10

சர்க்கரை இதயத்தைக் கெடுக்கிறது என்றால், சர்க்கரையைக் குறைத்தால் இதயம் பிழைக்க வேண்டும் அல்லவா? தர்க்கம் சரிதான். ஆனால் தர்க்கம் வேறு, நிரூபணம் வேறு.

1950களில் மாத்திரைகள் வந்தன. அவற்றில் ஒன்று டால்புடமைடு. ஊசி வேண்டாம், விழுங்கினால் போதும். லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள். இது சர்க்கரையைக் குறைக்கிறது, சரி. உயிரைக் காக்கிறதா? இதைச் சோதிக்க 1961இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து ஒரு ஆய்வைத் தொடங்கின. சுமார் ஆயிரம் நோயாளிகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்து, சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை.

1970இல் முடிவு வந்தது. டால்புடமைடு சாப்பிட்ட 204 பேரில் இதய, ரத்தக் குழாய் நோயால் இறந்தவர்கள் 26. வெற்று மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் 10. நூற்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 13க்கு 5. காப்பாற்றும் என்று நம்பிய மருந்துப் பக்கம்தான் சாவு அதிகம்.

பெரும் புயல் கிளம்பியது. ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே செய்தி கசிந்துவிட்டது. பல நோயாளிகள் பத்திரிகையில் படித்துவிட்டு மருத்துவரிடம் ஓடினார்கள். அவர் கையில் கட்டுரையே இல்லை. ஆய்வு நடத்தியவர்களைத் திட்டினார்கள். பிரித்த முறை சரியில்லை என்றார்கள். மூலக் கணக்கைக் காட்டச் சொல்லித் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல்தான் முடிந்தது. மருந்துப் பெட்டியில் ஓர் எச்சரிக்கை வாசகம் அச்சிட 1984 வரை ஆனது. பதினான்கு ஆண்டுகள்!

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துக் குடும்பத்தின் பிற்கால உறுப்பினர்களிடம் அந்த அளவு ஆபத்து பின்னால் வந்த ஆய்வுகளில் தெரியவில்லை. நம்மில் பலர் சாப்பிடும் கிளிமிபிரைடும் இந்தக் குடும்பம்தான். 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அது இதயத்துக்குக் கூடுதல் கெடுதல் செய்யவில்லை என்று தெரிந்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். 1970இன் பாடம் வேறு. ரத்தத்தில் எண் இறங்குவதும் மனிதன் பிழைப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. இறுக்கிப் பிடித்தால்?

அடுத்து இங்கிலாந்து. 1977இல் ஆக்ஸ்போர்டில் ராபர்ட் டர்னர் என்ற மருத்துவர் தலைமையில் தொடங்கிய ஆய்வு 20 ஆண்டு ஓடியது. 5,102 பேர். 1998இல் முடிவு வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தாண்ட மயிரிழையில் தவறியது. பத்தாண்டு கழித்து அதே மனிதர்களைப் பார்த்தபோது, ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு உண்மையிலேயே குறைந்திருந்தது. இளமையில் போட்ட சேமிப்பு முதுமையில் வட்டியோடு வந்ததுபோல.

அதே ஆய்வில் இரண்டு ஆச்சரியங்கள். உடல் பருத்தவர்களில் மெட்ஃபார்மின் என்ற மலிவான பழைய மாத்திரை மாரடைப்பை 39 சதவீதம் குறைத்தது. இன்னொன்று, ரத்த அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையைப் போலவே அழுத்தமும் முக்கியம் என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் இன்னும் படிக்கவில்லை.

இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லதா? அமெரிக்காவில் 10,251 பேரை வைத்துப் பார்த்தார்கள். நீண்ட நாள் நோய், இதய ஆபத்து ஏற்கெனவே உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6க்குக் கீழே கொண்டுவர மருந்துமேல் மருந்து கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. இறுக்கிய பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 203. 75 வயதுப் பெரியவருக்கு மருத்துவர் "உங்களுக்கு 7, 7.5 இருந்தால் போதும் ஐயா" என்று சொன்னால் அது அலட்சியம் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

5. ஒரு சட்டம் பிறந்தது

1999இல் ரோசிகிளிடசோன் என்ற மருந்து வந்தது. சர்க்கரையை அழகாகக் குறைத்தது. உலகம் முழுதும் விற்றது. 2007 மே மாதம் ஸ்டீவன் நிஸன் என்ற இதய மருத்துவர், ஏற்கெனவே நடந்து முடிந்த 42 ஆய்வுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். மாரடைப்பு அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று வந்தது. மறுபடி 1970இன் புயல். 2010இல் ஐரோப்பா அந்த மருந்தை நிறுத்தியது. அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தி, பின்னர் மறு ஆய்வு செய்து 2013இல் தளர்த்தியது. அந்த மருந்தின் மேல் இறுதித் தீர்ப்பு என்ன என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நல்லது நடந்தது. 2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு விதி போட்டது. இனி எந்தப் புதிய சர்க்கரை மருந்தும் இதயத்துக்குக் கேடு விளைவிக்காது என்று காட்டியாக வேண்டும். சர்க்கரை குறைகிறது என்று காட்டினால் மட்டும் போதாது. கம்பெனிகள் முணுமுணுத்தன. ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும், கோடிக்கணக்கில் செலவு. கேடு இல்லை என்று காட்டக் கட்டாயப்படுத்திய அந்த விதிதான், யாரும் எதிர்பாராத ஒரு நன்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

6. ஆப்பிள் மரத்தின் பட்டை

1835இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் ஃப்ளோரிசின். கசப்பாக இருந்ததால் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1886இல் ஜெர்மனியில் வான் மேரிங் என்பவர் அதை நாய்க்குக் கொடுத்தார். நாயின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. விந்தை என்று குறித்து வைத்தார்கள். ஏறக்குறைய நூறாண்டு அது ஆய்வுக்கூட அலமாரியில் கிடந்தது.

நம் சிறுநீரகம் தினமும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, அவ்வளவையும் மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்தத் திருப்பி அனுப்பும் கதவை ஃப்ளோரிசின் அடைத்துவிடுகிறது. அதன் வழியில் உருவாக்கிய மருந்துகள்தான் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் முதலியவை. பெயரில் 'ஃப்ளோசின்' என்று வருவதைக் கவனியுங்கள். பழைய வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடித்ததே சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து. இப்போது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதே வைத்தியம்! இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை காட்டினால் பதற வேண்டாம். மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

2015 செப்டம்பர், ஸ்டாக்ஹோம் மாநாடு. 42 நாடுகளில் 7,020 பேரை வைத்து நடத்திய எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வின் முடிவை வாசித்தார்கள். எல்லோரும் இதய நோய் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயாளிகள். இதய, ரத்தக் குழாய் நோயால் இறந்தவர்கள் வெற்று மாத்திரைப் பிரிவில் 5.9 சதவீதம், மருந்துப் பிரிவில் 3.7 சதவீதம். அதாவது 38 சதவீதக் குறைவு. அரங்கில் கைதட்டல் எழுந்தது. மருத்துவ மாநாட்டில் ஒரு வரைபடத்துக்குக் கைதட்டுவது தினமும் நடப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இரு பிரிவினருக்கும் சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. மாரடைப்புகூடப் பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது எது தெரியுமா? இதயப் பலவீனத்துக்காக மருத்துவமனையில் சேருவது. 35 சதவீதம். 1974இல் ஃபிராமிங்ஹாம் சொல்லி யாரும் கவனிக்காமல் விட்ட அதே கணக்கு!

அப்படியென்றால் இது சர்க்கரை மருந்தா, இதய மருந்தா? 2019இல் 4,744 இதயப் பலவீன நோயாளிகளிடம் டபாகிளிஃப்ளோசினைச் சோதித்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் சர்க்கரை நோயே இல்லாதவர்கள். அவர்களுக்கும் அதே அளவு பலன். மொத்தத்தில் நோய் முற்றுவதும் இதயச் சாவும் 26 சதவீதம் குறைந்தன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சர்க்கரை இல்லாதவர், இதயப் பலவீனம் உள்ளவர். மருத்துவர் எழுதிய மாத்திரையைப் பார்த்து மருந்துக்கடையில் ஒருவர், "இது சுகர் மாத்திரை ஆச்சே, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். இவரும் தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, பிழைத்தார். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை 2019இல்தான் எழுதப்பட்டது, அது எல்லோரையும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

7. பல்லி கொடுத்த மருந்து

இன்னொரு மருந்துக் குடும்பம் இன்று செய்திகளில் அடிபடுகிறது, உடல் எடைக்கான ஊசி என்று. அதன் மூலம் நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன். சாப்பிட்டவுடன் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, "வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும். சிக்கல் என்னவென்றால் சில நிமிடங்களில் அழிந்துவிடும். 1992இல் நியூயார்க்கில் ஜான் எங் என்ற ஆய்வாளர், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் இதைப் போன்ற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளைக் கண்டார். அது 2005இல் மருந்தாக வந்தது.

2008 விதிப்படி இந்தக் குடும்ப மருந்துகளையும் இதயத்துக்குச் சோதித்தார்கள். 2016இல் 9,340 பேரிடம் லிராகுளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் சேர்த்து 13 சதவீதம் குறைத்தது. 2023இல் சர்க்கரை இல்லாத, ஆனால் பருமனும் இதய நோயும் உள்ள 17,604 பேரிடம் செமாகுளுடைடு 20 சதவீதம் குறைத்தது. குமட்டல் வாந்தி உண்டு, எல்லோருக்கும் ஏற்றதல்ல. அழகுக்காக யாரும் தானாகப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல.

8. நமக்கு என்ன?

2023இல் வெளியான, சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. உணவும் நடையும் மட்டுமே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. பைசா செலவில்லை.

எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் நம் நாட்டில் முடிந்தது. பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலை பல மடங்கு இறங்கியிருக்கிறது. கொஞ்ச நாள் முன்புவரை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது இப்போது ஓய்வூதியருக்கும் கைக்கு எட்டுகிறது.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சுகர் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

- என் ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது?
- சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தாகிவிட்டதா?
- என் வயதுக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தால் போதும்?
- என் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் பயன்படும் மருந்து எனக்கு ஒத்துவருமா?

இவையெல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் 160 பேரில் பாதிப் பேரிடம் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, புகை எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனித்தார்கள். 21 ஆண்டு கழித்துப் பார்த்தால், அப்படிக் கவனிக்கப்பட்டவர்கள் சராசரியாக எட்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எட்டு ஆண்டு என்பது பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கும் காலம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ஃப்ளோசின்' மாத்திரை சாப்பிடுபவர்கள் விரதம் இருக்கும்போதும், அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், வாந்தி பேதி வந்தாலும் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சொல்லக் கூச்சப்படாதீர்கள். எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ராஜாக்களின் பெயரைத்தான் நாற்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். இந்த வரலாற்றில் பெயரில்லாதவர்கள்தான் அதிகம். தன் கையில் இருப்பது மருந்தா வெற்று மாத்திரையா என்று தெரியாமலே வருடக்கணக்கில் விழுங்கி, மாதம் தவறாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஆயிரமாயிரம் சாதாரண மனிதர்கள். 26க்கு 10 என்ற கணக்கில் அந்த 26 பேரும் இருக்கிறார்கள். இன்று நம் மாத்திரைப் பெட்டியில் இருப்பது அவர்கள் விட்டுச்சென்றது.

வீட்டில் சுகர் உள்ள பெரியவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். வரலாறு பற்றிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மாத்திரை பற்றிய கேள்வியை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.